நாலு கால் உள்ளதெல்லாம் நாற்காலியா?

‘நூறு லத்தீன் வேர்ச்சொற்களை மனப்பாடம் செய்யுங்கள், பத்தாயிரம் ஆங்கிலச் சொற்கள் உங்களுடையவை.’ போட்டித் தேர்வுப் பயிற்சி நடக்கும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் வாக்குறுதி இது. அதை நம்பும் பிள்ளைகள் ‘ஸ்பெக்ட் என்றால் பார், போர்ட் என்றால் சும, டிக்ட் என்றால் சொல்’ என்று வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறார்கள். ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில், அவர்களுடைய உழைப்பு இப்படிக் கரைவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

வேர் தெரிந்தால் பொருள் தானே விளங்கும் என்கிறார்கள். ‘ரெஸ்பெக்ட்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ‘ரி’ என்றால் திரும்ப, ‘ஸ்பெக்ட்’ என்றால் பார். திரும்பிப் பார்ப்பது என்பதிலிருந்து மரியாதை என்ற பொருளுக்கு எவர் போய்ச் சேர்வார்? பொருள் முன்பே தெரிந்தவருக்குத்தான் ‘ஆமாம், திரும்பிப் பார்க்கத் தக்கவர்’ என்று அது பொருந்திவரும். நம் ‘நாற்காலி’யை நினைத்துப் பாருங்கள். நாலு, கால் என்ற இரண்டு சொற்களை மட்டும் கற்ற வெளிநாட்டுக்காரர் ஒருவர் மாட்டைக் காட்டி நாற்காலி என்றால் அவர்மேல் பிழை இல்லை. எள்ளின் நெய்தான் எண்ணெய். மண்ணெண்ணெயில் எள் எங்கே இருக்கிறது? நம் இலக்கணத்தில் காரண இடுகுறிப்பெயர் என்று ஒரு வகை உண்டு. முள் இருப்பதால் அது முள்ளி. ஆனால் முள் உள்ள செடியெல்லாம் முள்ளி ஆகிவிடாது. ஆங்கிலத்துக்குள் வந்த லத்தீன் சொற்களில் மிகப் பல இந்த வகைதான். ‘நைஸ்’ என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்கு ‘அறியாதவன்’ என்று பொருள். இன்று ஒருவரை நைஸ் என்றால் அவர் மகிழ்கிறார்.

வேரை அடையாளம் காண்பதாவது எளிதா? ‘எடு’ என்று பொருள்படும் ஒரே லத்தீன் வினைதான் கேப்டிவ், அக்செப்ட், ரிசீவ், ரெசிபி, ஆக்குபை என்று ஐந்து உருவில் நிற்கிறது. இதற்கு நேர்மாறாக, ஒரே உருவில் இரண்டு வேர்கள் வந்து ஏமாற்றுவதும் உண்டு. என் மாணவி ஒருத்தி ‘பீடியாட்ரிஷன்’ என்ற சொல்லுக்குக் கால் மருத்துவர் என்று எழுதினாள். பெடல், பெடஸ்ட்ரியன் இரண்டிலும் இருப்பது பாதத்தைக் குறிக்கும் லத்தீன் வேர் என்று சரியாகவே படித்திருந்தாள். பீடியாட்ரிஷனில் இருப்பதோ குழந்தையைக் குறிக்கும் கிரேக்க வேர். எழுத்தில் இரண்டும் ஒன்றுபோல இருந்தால் அவள் என்ன செய்வாள்? நம் ஊர் டேங்கர் லாரிகளின் பின்னால் எழுதியிருக்கும் ‘இன்ஃபிளேமபிள்’ இதைவிட ஆபத்தானது. ‘இன்’ என்றால் ‘இல்லை’ என்று மட்டும் படித்தவர் அதைத் தீப்பிடிக்காதது என்றே நினைப்பார். இந்தக் குழப்பத்துக்கு அஞ்சித்தான் 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் தீப்பாதுகாப்புத் துறையினர் ‘ஃபிளேமபிள்’ என்று எழுதச் சொன்னார்கள்.

ஆங்கிலத்தில் பாதிக்கு மேல் லத்தீன்தானே என்பது அடுத்த வாதம். அகராதியை வைத்து எண்ணினால் உண்மை. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாகவும், பின்னர் அறிஞர்களின் எழுத்து வழியாகவும் அவை வந்து குவிந்தன. ஆனால் மிக அதிகமாகப் புழங்கும் நூறு சொற்களைப் பார்த்தால் ஏறக்குறைய அத்தனையும் ஜெர்மானியக் கிளையைச் சேர்ந்தவை. நம் பிள்ளைகள் தடுமாறும் ‘புட் அப் வித்’, ‘கிவ் இன்’ போன்ற தொடர்களில் லத்தீன் வேரைத் தேடினால் கிடைக்காது.

நார்மன் லூயிஸ் இப்படித்தானே கற்பித்தார் என்று கேட்பவர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1949இல் வெளிவந்த அவருடைய ‘வேர்ட் பவர் மேட் ஈஸி’ நல்ல புத்தகம். நானும் அதில் படித்தவன். ஆனால் அது ஆங்கிலத்திலேயே வளர்ந்த அமெரிக்கர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அந்த வாசகர்கள் பல சொற்களை எங்கேயோ பாதி கேட்டிருப்பார்கள். அங்கே வேர் செய்த வேலை, ஏற்கெனவே பறித்து வைத்த பூக்களைத் தொடுப்பது. அதோடு, அவர் ஒவ்வொரு சொல்லையும் ஒரு சூழலில் வைத்து, உச்சரிப்பு சொல்லி, திரும்பத் திரும்பப் பயிற்சி கொடுக்கிறார். நாம் அதையெல்லாம் விட்டுவிட்டு வேர்ப் பட்டியலை மட்டும் நகலெடுத்தோம். பூவே இல்லாத பிள்ளையின் கையில் நாரைக் கொடுத்துவிட்டு மாலை எங்கே என்று கேட்கிறோம். எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

மருத்துவம் படிப்பவர்களுக்கு மட்டும் என் பேச்சு பொருந்தாது. டான்சிலைட்டிஸ், அப்பெண்டிசைட்டிஸ், ஹெபடைட்டிஸ் எல்லாம் உறுப்புகளின் பெயரோடு அழற்சியைக் குறிக்கும் கிரேக்க விகுதியைச் சேர்த்து அமைத்தவை. அங்கே வேர் சொன்ன சொல் தவறாது.

மற்றவர்களுக்கு நான் சொல்லும் வழி மெதுவானது. கதையிலோ செய்தித்தாளிலோ சொல்லைப் பார்த்ததும் அந்த வாக்கியத்தை முழுதாக எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாம் முறை அதே சொல் எதிர்ப்பட்டால் வேரைத் தேடுங்கள். அந்த மாணவியின் நோட்டில் இப்போது பீடியாட்ரிஷன், ஒரு தாய் கைக்குழந்தையைத் தடுப்பூசிக்கு அழைத்துப்போகும் வாக்கியத்துக்குள் இருக்கிறது. பக்கத்து ஓரத்தில் பென்சிலால் இரண்டே சொற்கள்: கிரேக்கம், குழந்தை.