ஒழுகுகிற பம்ப்



கொட்டாஞ்சேனையில் ஓர் ஒடுக்கமான ஒழுங்கைக்குள் இருக்கிறது அந்த வீடு. நான் முதலில் அங்கு போனது ஒரு படிவம் நிரப்பிக் கொடுப்பதற்காக. முற்றத்தில் தறப்பாள் மூடிய பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது. அதன் அடியில் ஒரு பால்மா ரின். ரின்னுக்குள் பச்சைத் தண்ணீர்.

"ஒழுகுது தங்கச்சி. அவர் விட்டிட்டுப் போன மாதிரியே வைச்சிருக்க வேணும் எண்டு பாக்கிறன், விடுதில்லை" என்றார் அக்கா.

2007 இல் ஒருநாள் வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் வேலைக்குப் போன அவருடைய கணவர் திரும்பி வரவில்லை. அன்று வீட்டில் நின்ற சைக்கிளை வெள்ளிக்கிழமைதோறும் அக்கா ஸ்ராட் பண்ணி வைப்பார். விற்கச் சொல்லாதவர்கள் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் வீடு தேடி வந்து விலை கேட்டவர்களும் உண்டு. காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெற 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் வழி செய்திருக்கிறது. அக்கா அதற்கு விண்ணப்பிக்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. இந்த மாதம் நான் எழுத வந்தது அந்த ஒழுகலைப் பற்றி.

மோட்டார் சைக்கிளில் வோட்டர் பம்ப் ஏது என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணத்தில் நாம் கண்ட சீடி 125, எம்டி 90 எல்லாம் காற்றில் குளிர்பவை. தண்ணீரால் குளிர்பவையும் உண்டு. இங்கிலாந்தின் ஸ்கொட் மோட்டார் சைக்கிள் 1908 இலேயே அப்படித்தான் வந்தது. அதில் பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே போகும், குளிர்ந்தது கீழே இறங்கும். 1971 இல் சுசுகி ஜீரி 750 பம்ப்போடு வந்தபோது அமெரிக்கர்கள் அதற்கு 'தண்ணீர் எருமை' என்று பட்டம் வைத்தார்கள். அக்கா வீட்டில் நின்றது 80களில் ஜப்பானில் செய்த 250 சீசீ. அதிலும் பம்ப் உண்டு.

2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற மாதங்களில் மட்டும் அக்காவால் அதை ஸ்ராட் பண்ண முடியவில்லை. மறுபடி ஓட்டியபோதுதான் சொட்டத் தொடங்கியது. நெடுநாள் ஓடாமல் நின்றால் பம்ப்பின் சீல் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு சுற்றும்போது பழுதாகும்.

அக்கா ஒரு கராஜில் காட்டினார். அரை மணித்தியாலத்தில் ஒழுகல் நின்றுவிட்டது. காசும் அதிகமில்லை. இரண்டு மாதம் கழித்து ஒயில் மூடியைத் திறந்தவர் என்னைக் கூப்பிட்டார். உள்ளே ஒயில் பால் தேத்தண்ணி மாதிரி இருந்தது.

மூடியில் மட்டும் கொஞ்சம் வெண்மை படிந்திருந்தால் பயமில்லை. சிறிது நேரம் மட்டும் ஓட்டி நிறுத்தும் என்ஜினில் ஆவி படிவது வழமை. ஒயில் முழுவதும் அந்த நிறமானால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஒருமுறைகூட ஸ்ராட் பண்ணக் கூடாது.

எப்படிக் கலந்தது? இந்தப் பம்ப்பின் தண்டுக்கு ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் என்ஜின் ஒயில். இடையில் இரண்டு சீல்கள். அந்த இரண்டுக்கும் நடுவிலிருந்து கீழ்நோக்கி ஒரு சின்னத் துவாரம் விட்டிருப்பார்கள். தண்ணீர் சொட்டினால் தண்ணீர்ப் பக்கத்துச் சீல் போய்விட்டது, ஒயில் சொட்டினால் ஒயில் சீல். அதைக் காட்டத்தான் அந்தத் துவாரம். கராஜில் அதைப் பசை வைத்து அடைத்திருந்தார்கள். வெளியே வர வழியில்லாத தண்ணீர் உள்ளே போய்விட்டது.

இதை நான் அக்காவுக்கு விளங்கப்படுத்தத் தேவையே வரவில்லை. கோப்பாயில் தகப்பனுக்கு வெங்காயத் தோட்டம். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில், ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடவிட்டு இறைத்த குடும்பம். தண்டடியில் ஒழுகும் பம்ப் காற்றை இழுக்கும், தண்ணீர் ஏறாது. கிறீஸ் பூசிய கயிற்றைச் சுற்றி நட்டை இறுக்கிக் கொடுத்தது அக்காவின் கைதான். "இதுவும் அந்தத் தண்டுதானே" என்றார். எனக்குத்தான் புதிய பாடம். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்ததோடு சரி.

பஞ்சிகாவத்தைக்கு இருவரும் போனோம். மூன்றாவது கடை நானா கழற்றிய பம்ப் ஒன்றைத் தந்தார். அக்கா அதன் தண்டை விரலால் சுற்றிப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார். சீல் உட்காரும் இடத்தை நகத்தால் தடவினார். நகம் தடக்கினால் தண்டில் கோடு விழுந்திருக்கிறது. அதில் புதுச் சீலும் நிற்காது. எங்களுடைய பழைய தண்டில் நகம் தடக்கியது. இதில் தடக்கவில்லை. நல்லவேளை சீல்கள் தனியாகக் கிடைத்தன. சில மாதிரிகளுக்கு முழுப் பம்ப்தான் வாங்க வேண்டும்.

பொருத்தியது வேறொரு பாஸ். அக்கா ஒரு வாங்கைப் போட்டுப் பக்கத்திலேயே இருந்தார். புதுச் சீலின் முகத்தில் கிறீஸ் கை படாமல், நேராக அழுத்தி இறக்கினார் பாஸ், சுத்தியலால் அடிக்கவில்லை. துவாரத்தின் பசையைச் சுரண்டி எடுத்தார். ஒயிலை மாற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மறுபடி மாற்றினார். ரேடியேற்றருக்குள் குழாய்த் தண்ணீர் விடாமல், வடித்த தண்ணீரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. சூடாக இருக்கும்போது அந்த மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும்.

ரின்னில் சேர்ந்த பச்சைத் தண்ணீர் இனிக்கும், ஆனால் நஞ்சு. பூனை குடித்தாலும் பிள்ளை குடித்தாலும் சிறுநீரகம் போய்விடும். அதை நான் சொன்ன அன்றே அக்கா ரின்னுக்கு மேலே ஒரு வலைத்தட்டைக் கவிழ்த்துவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை போனேன். காற்றாடி சுற்றத் தொடங்கும்வரை சைக்கிள் ஓடியது. அக்கா குனிந்து துவாரத்தின் கீழே விரலை வைத்துப் பார்த்துவிட்டு, எனக்குக் காட்டினார். காய்ந்த விரல்.

"ரின்னை எடுத்துவிடலாமே அக்கா" என்றேன்.

"கிடக்கட்டும். இன்னும் ரெண்டு வெள்ளி பாப்பம்" என்றபடி தறப்பாளை இழுத்து மூடினார்.