எரிமலை அணையவில்லை; ஆகவே வெளியேறு!

கரீபியன் கடலில் மான்செராட் என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. பிரிட்டனுக்குச் சொந்தமான தீவு. 1995-ம் ஆண்டு அங்கே எரிமலை வெடித்தது. இரண்டே ஆண்டில் தலைநகரமான பிளிமத், சாம்பலில் புதைந்து போயிற்று. மக்கள் மூட்டை கட்டினார்கள்.

அமெரிக்காவில் இருந்த மான்செராட்காரர்களுக்கு அந்த நாட்டு அரசு 1997-ல் தற்காலிக அடைக்கலம் கொடுத்தது. ஊர் சரியாகும் வரை இருக்கலாம். வேலை பார்த்துப் பிழைக்கலாம். நல்ல காரியம்தான்.

2004-ல் அதே அரசு, அடைக்கலம் முடிந்தது என்று அறிவித்தது. ஏன்? எரிமலை அணைந்துவிட்டதா? இல்லை! இப்போதைக்கு அது அணையாது. ஆகவே அந்த ஆபத்தைத் தற்காலிகமானது என்று சொல்ல முடியாது. ஆகவே தற்காலிக அடைக்கலமும் கிடையாது. இதுதான் அரசு சொன்ன காரணம்.

வீட்டில் தீ பிடித்தவனைத் திண்ணையில் உட்கார வைத்தார்கள். தீ அணையாது என்று தெரிந்ததும், திண்ணையை விட்டு இறங்கு என்றார்கள்!

18 மாதம்

இந்த அடைக்கலச் சட்டம் 1990-ல் வந்தது. ஒரு நாட்டில் போர் மூண்டாலோ, பூகம்பம், புயல் வந்தாலோ, அமெரிக்காவில் இருக்கும் அந்த நாட்டு மக்களைத் திருப்பி அனுப்பாமல் இருக்க இது வழி செய்கிறது. உரிய அனுமதி இல்லாமல் வந்தவரும் விண்ணப்பிக்கலாம். பெரிய குற்றம் செய்தவருக்குக் கிடையாது. ஒரு தவணை 6 மாதத்துக்குக் குறையாது. 18 மாதத்துக்கு மேல் போகாது. தவணை முடியுமுன் அரசு யோசித்து, நீட்டலாம், நிறுத்தலாம்.

நீட்டினார்கள், நீட்டினார்கள், நீட்டிக்கொண்டே போனார்கள். தொல்லை அங்கேதான் வந்தது.

கைக்குழந்தைக்கு வயது 26

மத்திய அமெரிக்காவில் ஹோண்டுராஸ் என்ற நாட்டை 1998 அக்டோபர் கடைசியில் மிட்ச் என்ற புயல் தாக்கியது. ஆயிரக்கணக்கானவர்கள் மாண்டார்கள். பாலங்களும் பயிரும் வெள்ளத்தோடு போயின. 1999 ஜனவரியில் அமெரிக்கா அந்த நாட்டாருக்கு அடைக்கலம் கொடுத்தது. 1998 டிசம்பர் 30 முதல் அமெரிக்காவிலேயே இருந்து வருபவர்களுக்கு மட்டுமே அது உண்டு. பிறகு வந்தவர்களுக்கு இல்லை.

2025 ஜூலையில், ஹோண்டுராஸ் தேறிவிட்டது என்று சொல்லி, அடைக்கலத்தை நிறுத்தப் போவதாக அரசு அறிவித்தது. கொடுத்த கெடு 60 நாள். விஷயம் கோர்ட்டுக்குப் போயிற்று.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்று கைக்குழந்தையாக இருந்தவருக்குக்கூட 2025-ல் வயது 26 ஆகிவிட்டது. அன்று 30 வயதில் இருந்தவர் 56-ஐத் தாண்டிவிட்டார். வேலை அங்கே, வீடு அங்கே. அங்கே பிறந்த பிள்ளைகள் அமெரிக்கப் பிரஜைகள். பெற்றோர் போக வேண்டும், பிள்ளைகள் இருக்கலாம். இது என்ன குடும்பம்?

"தற்காலிகம் என்று சொல்லித்தானே கொடுத்தோம்?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. வந்தவர் எல்லோரும் நிலையாகத் தங்கிவிடுவார்கள் என்றால், அடுத்த புயலுக்கு எந்த அரசும் கதவைத் திறக்கத் தயங்கும். ஆனால், கால் நூற்றாண்டு காலம் தவணையை நீட்டியது யார்? ஒவ்வொரு தடவையும் மனு வாங்கிப் பதிவு செய்தது யார்? அரசுதானே! தவணைக்கு ஓர் எல்லை வைத்திருக்க வேண்டும். இத்தனை ஆண்டுக்குள் அனுப்பாவிட்டால் நிலையாக இருக்கலாம் என்று அன்றே சட்டத்தில் எழுதியிருந்தால், இரண்டு பக்கத்துக்கும் நியாயம் கிடைத்திருக்கும்.

சட்டம் அப்படி எழுதப்படவில்லை. இந்த அடைக்கலம் எத்தனை ஆண்டு நீடித்தாலும், அதனால் மட்டும் நிரந்தர உரிமை வராது. அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் வந்தவருக்கு, அடைக்கலம் கிடைத்த பிறகும் அந்தக் குறை தீராது என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தை மாற்றுவது பார்லிமெண்டின் வேலை என்று ஆகிவிட்டது.

அதற்கும் 1990-லேயே ஒரு பூட்டுப் போட்டிருந்தார்கள். அடைக்கலம் பெற்றவர்களுக்கு நிரந்தர உரிமை தரும் மசோதாவை மேல்சபை எடுத்துக்கொள்ள, ஐந்தில் மூன்று பங்கு உறுப்பினர்கள் சம்மதிக்க வேண்டும். 100 பேரில் 60 பேர். கீழ்ச்சபை 2019-லும் 2021-லும் அப்படி ஒரு மசோதாவை நிறைவேற்றி அனுப்பியது. இரண்டு தடவையும் அது மேல்சபையைத் தாண்டவில்லை.