ஐப்பசி மழையும் ஊர்ப் பள்ளிக்கூடமும்



இந்தப் பக்கத்தை எழுதும்போது வெளியே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. தொடக்கப் பள்ளிகளில் இரண்டாம் பருவம் நடந்துகொண்டிருக்கிறது. காலாண்டு விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பிவிட்டார்கள். புதுப் புத்தகத்தின் அட்டைக்கு ஞெகிழி உறை போட்டு, அதையும் ஒரு ஞெகிழிப் பைக்குள் வைத்து, பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுகிற பிள்ளைகளை உங்கள் தெருவிலும் பார்த்திருப்பீர்கள்.

ஒரு தொடக்கப் பள்ளி தன் ஊரோடு மிக நெருங்கி இருப்பது இந்த ஐப்பசி, கார்த்திகையில்தான் என்பது என் எண்ணம். ஜூன் மாதம் சேர்க்கையிலும் சீருடை வழங்குவதிலும் போய்விடும். தை பிறந்தால் ஆண்டு விழா, அடுத்துத் தேர்வு. நடுவில் வரும் இந்த இரண்டு மாதங்களில்தான் மழை, பண்டிகை, விதைப்பு, பறவைகள் என்று ஊரில் நடப்பதெல்லாம் பள்ளி வாசலைத் தாண்டி உள்ளே வருகிறது. அந்தச் செய்திகளைத்தான் இந்த மாதம் உங்களோடு பேசப்போகிறேன்.

விஜயதசமியில் தொடங்கலாம். அரிசி பரப்பிய தட்டில் பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைப்பதை வீட்டிலும் கோயிலிலும் செய்துவந்தோம். சில ஆண்டுகளில் அன்றைய தினம் அரசுத் தொடக்கப் பள்ளிகளையும் திறந்து வைத்துச் சேர்க்கை நடத்தும்படி கல்வித் துறை கேட்டுக்கொண்டது. விடுமுறை நாளில் வந்து, வாசலில் கோலமிட்டு, மாவிலை கட்டிக் காத்திருந்த ஆசிரியர்கள் பலர். வந்து சேரும் பிள்ளை ஒன்றோ இரண்டோ என்றாலும், மாணவர் எண்ணிக்கை குறைந்துவரும் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கு அது பெரிய செய்தி.

அண்மையில் மயிலாடுதுறைப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குப் போயிருந்தேன். காலை மணி எட்டரை. மைதானத்தின் நடுவே நான்கு செங்கல்லுக்கு இடையில் ஒரு குளிர்பானப் புட்டி நின்றது. கழுத்துப் பகுதியை வெட்டி, அதையே தலைகீழாக வாயில் செருகியிருந்தார்கள். புட்டியின் அடிப்பகுதி மேடும் பள்ளமுமாக இருக்குமல்லவா? அதைச் சரிசெய்யக் கூழாங்கல் போட்டு, கல் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் ஸ்கேலின் பூஜ்யம் வரும்படி ஒட்டியிருந்தார்கள். மரத்தடியிலோ கூரை ஓரத்திலோ வைத்தால் சொட்டும் நீரும் சேர்ந்து கணக்குக் கெட்டுவிடும் என்பதால் நடு மைதானம். வானிலை ஆய்வு மையம் ஒரு நாள் மழையைக் காலை எட்டரை மணிக்குத்தான் கணக்கெடுக்கிறது என்பதால் இவர்களும் அதே நேரத்தில் எடுக்கிறார்கள்.

அன்று முறை, ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்கு. முழங்காலைத் தரையில் ஊன்றி, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராகக் கொண்டுவந்து பார்த்தாள். "டீச்சர், முப்பத்தெட்டு!" என்று கத்தினாள். இன்னொருவன் நோட்டில் எழுதினான். அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். தேதி, மழை அளவு, குறிப்பு என்று மூன்று கட்டங்கள். குறிப்புக் கட்டத்தில் பிள்ளைகள் தங்கள் போக்கில் எழுதியிருந்தார்கள்: 'வாய்க்கால் நிரம்பிவிட்டது.' 'தம்பலப்பூச்சி வந்தது.' 'சத்துணவு ஆயா நனைந்துகொண்டு வந்தார்.' ஊரின் ஐப்பசி மாதம் முழுவதும் அந்த நாற்பது பக்க நோட்டுக்குள் இருந்தது.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் தண்ணீர். டீச்சர் இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பள்ளிக் கூரையை அளக்கச் சொல்லியிருக்கிறார். கூரை 60 சதுர மீட்டர். அன்றைய 38 மில்லிமீட்டருக்குப் பெருக்கினால் 2,280 லிட்டர். "இவ்வளவு தண்ணியும் எங்க போச்சு?" என்று ஒரு பையன் கேட்டதும், வகுப்பே எழுந்துபோய்க் கூரையிலிருந்து இறங்கும் குழாயைப் பார்த்தது. குழாய் பாதியில் உடைந்து, தண்ணீர் சுவரோரம் கொட்டிக்கொண்டிருந்தது. 2003இல் தமிழகம் முழுவதும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பு, இந்தக் கட்டடத்தில் எந்த இடத்தில் அறுந்து கிடக்கிறது என்பதைப் பெருக்கல் கணக்கு கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டது. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைச் சொல்லப்போவதாகத் தலைமையாசிரியர் சொன்னார்.

இந்தப் பிள்ளைகள் இப்போது வானொலியும் தொலைக்காட்சியும் சொல்லும் செய்தியைப் புரிந்து கேட்கிறார்கள். 64.5 மில்லிமீட்டரைத் தொட்டால் கனமழை, 115.6 ஆனால் மிக கனமழை, 204.5 ஆனால் அதி கனமழை. பெரியவர்களான நம்மில் எத்தனை பேருக்கு இந்த அளவுகள் தெரியும்? தமிழகத்தின் ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதியை வடகிழக்குப் பருவமழைதான் தருகிறது. அதை அளந்து பார்க்கத் தெரிந்த பிள்ளைகள் ஒவ்வோர் ஊரிலும் இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். செலவு ஒரு பழைய புட்டி, ஒரு ஸ்கேல், ஒரு நோட்டு.

மழை என்றதும் விடுமுறையைச் சொல்லாமல் இருக்க முடியாது. மாவட்ட ஆட்சியரின் அறிவிப்புக்காகப் பிள்ளைகள் விடியற்காலையிலேயே காத்திருப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பாதுகாப்புக்காக விடும் விடுமுறையில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அதன் மறுபக்கத்தையும் நாம் நினைக்க வேண்டும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை ஆதிமூலம் தொடக்கப் பள்ளியில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் விரிவாக்கம் தொடங்கி, அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் போய்ச் சேர்ந்தது. காலையில் பொங்கல், கிச்சடி, உப்புமா, மதியம் முட்டையோடு சத்துணவு என்று ஒரு பிள்ளையின் இரண்டு வேளை உணவு இன்று பள்ளியில் இருக்கிறது. மழையால் பள்ளி மூடும் அதே நாளில்தான் கூலி வேலையும் நின்றுபோகிறது. வீட்டில் வருமானம் இல்லாத நாளும் பள்ளியில் சாப்பாடு இல்லாத நாளும் ஒன்றாகவே வருகின்றன.

தொடர் மழையில் பள்ளி மூன்று நாள், நான்கு நாள் மூடினால் உங்கள் தெருவில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளிப் பிள்ளைகளின் பட்டியல் ஆசிரியரிடம் இருக்கிறது. மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள்தான் காலை உணவைச் சமைக்கிறார்கள். எந்தப் பிள்ளை எவ்வளவு சாப்பிடும் என்று அவர்களுக்குத் தெரியும். இவர்களைக் கேட்டு, ஒரு பானை சோறு கூடுதலாக வடிப்பது ஓர் ஊருக்குப் பெரிய பாரமாக இருக்காது. இதைக் கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பசியோடு இருக்கிற பிள்ளைக்கு விடுமுறை சந்தோஷமாக இருக்காது.

மழைக்காலத்தில் பள்ளிதான் ஊருக்கு அடைக்கலமும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது டெல்டா மக்கள் ஓடிப்போய் ஒதுங்கியது பள்ளிக்கூடங்களில்தான். கரும்பலகைக்குக் கீழே பாய் விரித்து, பெஞ்சு மேல் கைக்குழந்தையைத் தூங்க வைத்து, ஊரே அங்கே இருந்தது. கண் விழித்தபோது தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்தன. பனைகள் பெரும்பாலும் அப்படியே நின்றன.

பனை விதைப்பதில் ஊருக்கு மறுபடியும் அக்கறை வந்ததற்கு அந்தக் காட்சியும் ஒரு காரணம். தமிழக அரசு 2021இல் வேளாண்மைக்கென்று தனியே போட்ட முதல் நிதிநிலை அறிக்கையில், 30 மாவட்டங்களில் 76 லட்சம் பனை விதைகள் வழங்குவதாக அறிவித்தது. இன்று புரட்டாசி, ஐப்பசியில் பனம்பழம் பொறுக்கிவந்து குளக்கரையில் விதைப்பது பல தொடக்கப் பள்ளிகளில் வழக்கமாகிவிட்டது.

ஒரு பழத்தில் மூன்று கொட்டை வரை இருக்கும். நாரைப் பிசைந்து எடுக்கும்போது கையெல்லாம் மஞ்சள் பிடித்து, வகுப்பறை முழுக்க அந்த வாசனை அடிக்கும். முக்கால் அடி, ஓரடி ஆழத்தில் பத்தடிக்கு ஒன்றாகப் புதைக்கிறார்கள். பனையின் முளை முதலில் கீழே இறங்குகிறது. அதுதான் நாம் பொங்கலுக்குத் தின்கிற கிழங்காகத் திரள்கிறது. மேலே ஒன்றும் தெரியாததால் பிள்ளைகளுக்குப் பொறுமை போய், இரண்டொரு விதையைத் தோண்டிப் பார்ப்பார்கள். தோண்டட்டும், பாதகமில்லை. கொட்டையை வெட்டினால் உள்ளே பஞ்சுபோல இனிக்கிற தவுன் இருக்கும். அதைத் தின்ற பிள்ளைக்கு விதை முளைக்கும் பாடம் ஆயுளுக்கும் மறக்காது.

'தென்னையை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனையை வச்சவன் பாத்துட்டுச் சாவான்' என்று ஊரில் சொல்வார்கள். வயதானவர் வைத்தால் அது சரி. எட்டு வயதுப் பிள்ளை வைத்தால் இருபத்தைந்து வயதில் அவளே நுங்கு வெட்டித் தின்னலாம். அது ஆண்பனையா பெண்பனையா என்பது பாளை விடும்வரை தெரியாது. அதற்கும் அவளுக்கு நேரம் இருக்கிறது. ஒரு வேண்டுகோள்: படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். குளம் தூர் வாரும்போது இயந்திரம் எந்தக் கரையில் ஏறி இறங்கும் என்று ஊராட்சியைக் கேட்டுவிட்டு, மறு கரையில் விதையுங்கள். ஆடு கடிக்காமலும் யாரும் தீ வைக்காமலும் பார்த்துக்கொள்ள இரண்டு பெரியவர்கள் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள்.

தீபாவளி வந்துபோனது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டிப் பகுதியில் பல்லாண்டுகளாகவே பட்டாசு வெடிப்பதில்லை. கூடு கட்ட வந்த பறவைகள் மிரளக் கூடாது என்று ஊரார் தாங்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு அது. வனத் துறை அவர்களுக்கு இனிப்புக் கொடுத்து நன்றி சொல்கிறது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நத்தைக்குத்தி நாரையும் கரண்டிவாயனும் புத்தகத்துப் படங்கள் அல்ல, பக்கத்து வீட்டுக்காரர்கள். உங்கள் ஊர் ஏரிக்கும் இப்போது பறவைகள் வந்திருக்கும். மழை வெறித்த ஒரு நாள் வகுப்பைக் கரைக்கு அழைத்துப் போங்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கூட இரண்டு மூன்று பெற்றோர் போவது அவசியம். நிரம்பிய குளமும் வாய்க்காலும் பிள்ளைகளுக்கு ஆபத்தானவை. இந்த மாதங்களில் தனியே கரைக்குப் போகக் கூடாது என்பதை வீட்டிலும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

அரசுப் பள்ளிகளில் மேல் வகுப்புகளுக்கு நடந்துவந்த கலைத் திருவிழா இப்போது ஒன்றாம் வகுப்புவரை வந்திருப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. மாறுவேடம், கதை சொல்லுதல், களிமண் பொம்மை என்று சின்னவர்களுக்கும் மேடை கிடைக்கிறது. நவம்பர் 14 குழந்தைகள் தினத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அன்று பெரியவர்கள் மேடையில் பேசும் நேரத்தைக் குறைத்துப் பிள்ளைகளைப் பேச விட்டால் போதும்.

பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது. பாதிப் பேர் பெண்கள். தமிழகத்தில் இப்போது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். உடைந்த குழாய், ஈரம் ஏறிய சுவர், கூரையில் ஒழுகும் இடம், கழிப்பறைத் தண்ணீர், அறுந்து தொங்கும் மின்கம்பி என எல்லாவற்றையும் தீர்மானமாக எழுதிக் கேட்கும் அதிகாரம் இவர்களிடம் இருக்கிறது. ஆனாலும் பல ஊர்களில் கூட்டத்துக்குத் தலைமையாசிரியரும் மூன்று நான்கு தாய்மார்களும்தான் வருகிறார்கள். வேலைக்குப் போகவேண்டிய நாளில் கூலியை விட்டுவிட்டு வந்து உட்காரும் அந்தத் தாய்மார்களை வணங்குகிறேன். அப்பாக்களும் வர வேண்டும். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு இந்த இதழை வாசிக்கும் முன்னாள் மாணவர்கள், ஊருக்கு வரும்போது ஒரு கூட்டத்திலாவது உட்காருங்கள். பணம் அனுப்ப விரும்புகிறவர்களுக்கு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் இருக்கிறது. பள்ளிக்கு என்ன தேவை என்று முதலில் பள்ளியைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். ஏற்கெனவே ஆறு பீரோ இருக்கும் பள்ளிக்கு ஏழாவதாக ஒரு பீரோ வேண்டியிருக்காது.

உங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியின் மழைக்காலச் செய்தியை எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். பிள்ளைகள் கைப்பட எழுதியதாக இருந்தால் இன்னும் நல்லது. எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். மழைமானி வைத்திருக்கும் பள்ளிகள் கார்த்திகை மாதக் கணக்கை நோட்டில் இருப்பதுபோலவே, குறிப்புக் கட்டத்தையும் விடாமல், படியெடுத்து அனுப்பலாம். தை இதழில் நான்கு பக்கம் அதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம். மார்கழி 10க்குள் வந்து சேரும்படி அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்