கொலைகாரனின் முதுகும் ரசிகர்களின் சண்டையும்

திகிற்பட ரசிகர்களிடையே நடக்கும் சண்டைகளை நான் வழக்கமாகப் பொருட்படுத்துவதில்லை. எந்தப் பேய்க்கு எத்தனை பல் என்ற மட்டில் முடிந்துவிடும் சண்டைகள் அவை. ஆனால் 2024 மே 31ஆம் திகதி அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த ‘இன் எ வயலன்ட் நேச்சர்’ என்ற கனேடியத் திரைப்படம் கிளப்பிவிட்ட சண்டை அப்படி எளிதில் ஓய்ந்துவிடவில்லை. இரு தரப்பாரும் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டபின், இரு தரப்பாரையும் சேர்த்தே கண்டிக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

இந்த வயதில் உமக்கேன் இந்தக் கோடரிப் படங்கள் என்று கேட்கப்போகும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. 1980களில் வீடியோ நாடாக்களை வாடகைக்கு எடுத்து, நாலு வீட்டார் ஒன்றுகூடி விடிய விடியப் படம் பார்த்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். மூன்று தமிழ்ப் படங்களுக்கிடையில் ஓர் ஆங்கிலப் படம் இருக்கும். அந்த ஒன்று பெரும்பாலும் கராத்தே, இல்லையேல் கோடரி. மேலும், மரணத்தை எழுதிச் சம்பளம் வாங்கிய தொழில் என்னுடையது. ஒரு சாவை எப்படிக் காட்டுவது என்ற கேள்வி எழும்போது எனக்கும் பேச உரித்துண்டு.

ஸ்லாஷர் என்று அழைக்கப்படும் இப்படவகையின் இலக்கணம் யாவரும் அறிந்ததே. ஒதுக்குப்புறமான இடம், விடுமுறைக்கு வந்த இளையோர், முகமூடியணிந்த ஒருவன், ஒருவர் பின் ஒருவராகச் சாவு, இறுதியில் தப்பும் ஒரு பெண். கிறிஸ் நாஷ் எழுதி இயக்கிய முதல் முழுநீளப் படமான இது அந்த இலக்கணத்தில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. காட்டுத்தீயைக் கண்காணிப்பதற்காகக் கட்டப்பட்டு இடிந்துபோன கோபுரமொன்றில் இருந்த பொற்பதக்கச் சங்கிலியை இளைஞர் கூட்டம் ஒன்று எடுத்துவிடுகிறது. அது தன் தாயின் சங்கிலி என்பதால் ஜோனி என்ற இறந்தவன் மண்ணைக் கிளறிக்கொண்டு எழுந்து வருகிறான். பழங்காலத் தீயணைப்பாளரின் புகைக் கவசம் அவனுக்கு முகமூடியாகிறது. நாஷ் மாற்றியது ஒன்றைத்தான்: கமரா நிற்கும் இடம். 94 நிமிடங்களில் பெரும்பகுதியை நாம் கொலைகாரனின் முதுகுக்குப் பின்னால் நடந்து கழிக்கிறோம். பின்னணி இசை கிடையாது. பழைய தொலைக்காட்சிப் பெட்டியை ஒத்த 4:3 சட்டகம். சருகு மிதிபடும் ஓசை, பறவைகளின் ஓசை, கனத்த காலடியோசை. வழக்கமான படத்தில் கூட இருந்து பார்க்கும் காதலும் பொறாமையும் வாய்ச்சண்டையும் இங்கே மரங்களுக்கு அப்பால் எங்கோ நடக்கின்றன; அரைகுறையாகக் காதில் விழுகின்றன.

எண்பதுகளின் பாணி என்று ஆசைகாட்டிவிட்டு ஒருவன் காட்டில் நடப்பதைப் பார்க்க வைத்துவிட்டார்கள் என்பது ஒரு தரப்பாரின் ஆத்திரம். இது ஸ்லாஷரே அல்ல, அதற்கு மேலே நிற்கும் கலை, பொறுமையற்றவர்களுக்கு விளங்காது என்பது மறுதரப்பாரின் இறுமாப்பு. முதல் தரப்பார் படத்தின் முடிவை எள்ளி நகையாடுகிறார்கள். இரண்டாம் தரப்பாரில் பலர் முடிவைப் பற்றிப் பேசாமல் நழுவிவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் நடுவில் இருவரும் கைகுலுக்கிக்கொள்ளும் இடம் ஒன்றுண்டு. மலை விளிம்பில் யோகாசனம் செய்துகொண்டிருந்த பெண்ணை ஜோனி கொல்லும் காட்சி. அதை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. சங்கிலியில் கோத்த கொக்கி என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். படத்தை வெறுத்தவரும் “அந்த ஒன்று மட்டும் அபாரம்” என்கிறார். படத்தைப் போற்றியவரும் அதையே முதலில் சொல்கிறார். எது புதுமையான கொலை, எது சுமாரான கொலை, எந்தக் கொலை முதலாமிடம் என்று கிரிக்கெட் ஓட்ட விபரம் போலப் பட்டியல் போடுகிறார்கள். அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று கேட்டால் பட்டியல் போட்டவர்களில் எத்தனை பேர் சொல்வார்கள்? அரோரா. படத்தில் அவளுக்குப் பெயர் இருக்கிறது. அதற்கு மதிப்பெண் கிடையாது.

முதலில் ‘பழைய பாணி’க்காரர்களிடம் வருவோம். இவர்கள் நினைவில் வைத்திருக்கும் பழமை எது? 1978இல் வெளிவந்த ஜோன் கார்ப்பென்டரின் ‘ஹலோவீன்’ படத்தில் இரத்தம் மிகச் சொற்பம். அதன் கொலைகாரனும் ஓடுவதில்லை. நடக்கிறான், நிற்கிறான், வேலிக்கு அப்பால் நின்று பார்க்கிறான். படத்தின் தொடக்கமே கொலைகாரனின் கண்வழியாகத்தான், அதுவும் ஒரு சிறுவனின் கண்வழியாக. நடப்பதைப் பார்ப்பது அலுப்பு என்றால் அந்த அலுப்பு இப்படவகையின் பிறப்போடு ஒட்டி வந்தது. 1980இல் வந்த ‘ஃபிரைடே த தேர்ட்டீன்த்’ படத்தின் கதையைக் கேளுங்கள். கதை எழுதி முடியுமுன்னரே, 1979இல், தலைப்பை மட்டும் பெரிதாக அச்சிட்டு ‘வெரைட்டி’ சஞ்சிகையில் விளம்பரம் கொடுத்தார் ஷோன் கனிங்ஹம். ஏறத்தாழ ஐந்தரை இலட்சம் டொலர் செலவான படம் அமெரிக்காவில் மட்டும் 4 கோடி டொலரை எட்டும் வசூலைத் தந்தது. பின்னர் வந்த படங்களெல்லாம் அந்தக் கணக்கின் பிள்ளைகள்.

கனடாவின் பங்கு இதனினும் சுவையானது. எழுபதுகளின் நடுப்பகுதியிலிருந்து, கனேடியப் படமென்று சான்று பெற்ற படத்தில் முதலிட்டவர்கள் முழு முதலையும் வருமானவரிக் கணக்கில் கழித்துக்கொள்ள அந்நாட்டரசு வழிசெய்தது. வரியை மிச்சம்பிடிக்க விரும்பியவர்களின் பணத்தில் கோடரிகள் தீட்டப்பட்டன. 1980இல் வந்த ‘புரோம் நைட்’, ‘டெரர் ட்ரெயின்’, 1981இல் நோவா ஸ்கோஷியாவின் சுரங்க ஊரொன்றில் படமாக்கப்பட்ட ‘மை பிளடி வலன்டைன்’ எல்லாம் அந்தக் காலத்து உருப்படிகள். அவற்றுள் நல்ல படங்களும் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பொற்காலத்தின் தூய கலைமரபைக் கிறிஸ் நாஷ் தீட்டுப்படுத்திவிட்டார் என்ற பாவனையில் யாரும் புலம்ப வேண்டாம். அது சந்தை. சந்தையில் ஒருவர் வேறு விதமாகக் கடை விரித்திருக்கிறார்.

இனி மேட்டுக்குடி ரசிகர்கள். கொலைகாரனின் பின்னால் நீண்ட நேரம் நடக்கும் கமராவை இவர்கள் ஏதோ புதுக் கண்டுபிடிப்பாகக் கொண்டாடுகிறார்கள். நாஷ் அப்படிக் கோரவில்லை. கஸ் வான் சன்ட்டின் படங்களிடம் தாம் பட்ட கடனை அவர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். வான் சன்ட்டின் ‘எலிஃபன்ட்’ 2003இல் கான் விழாவின் தங்கப் பனையோலை விருதைப் பெற்றது. 1999இல் கொலம்பைன் பாடசாலையில் நடந்த படுகொலையை மனதில் வைத்து எடுக்கப்பட்ட படம் அது. அந்தத் தலைப்பும் அந்த நடையும் அவருக்கு எங்கிருந்து வந்தன? 1989இல் பிபிசிக்காக அலன் கிளார்க் என்ற பிரித்தானியர் எடுத்த அதே பெயருடைய தொலைக்காட்சிப் படத்திலிருந்து.

அந்தப் படத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 39 நிமிடங்கள். வட அயர்லாந்தின் கொலைகள் பதினெட்டு. கதை கிடையாது. பேச்சு ஏறக்குறைய கிடையாது. ஒருவன் நடந்து போகிறான். கமரா அவன் பின்னால் போகிறது. கதவைத் திறக்கிறான், சுடுகிறான், திரும்பி நடக்கிறான். யார் எந்தத் தரப்பு என்று ஒரு வார்த்தை கிடையாது. பின்பு கமரா மீண்டும் விழுந்து கிடக்கும் உடலிடம் வந்து, அசையாமல், பார்ப்பவருக்குப் பொறுக்க முடியாத அளவு நேரம் நிற்கிறது. அடுத்தவன் நடக்கத் தொடங்குகிறான். அந்தக் கொலைகள் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, அவற்றைப் பழகிப்போன செய்தியாகக் கேட்டுக்கொண்டிருந்த மக்களின் வீட்டுக் கூடத்தில் ஒளிபரப்பான படம் அது. கலைப்பட ரசிகர்கள் புதிது என்று மெச்சும் அந்த முதுகுக் காட்சி அங்கிருந்து வருகிறது. ஒழுங்கையில் காலடியோசை கேட்டு, நாய் குரைப்பதை எண்ணிக்கொண்டு, விளக்கணைத்து இருந்த இரவுகள் எம்மவருக்கும் உண்டு. அந்த நடையின் பொருளை அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கிளார்க்கோடு ஒப்பிடும்போதுதான் நாஷின் படத்தில் எனக்குள்ள குறையும் தெளிவாகிறது. கிளார்க்கின் கமரா உடலிடம் நின்றது. நாஷின் கமரா பல இடங்களில் கொலை செய்யும் முறையிடம் நின்றுவிடுகிறது. அசைய முடியாமற் கிடக்கும் வன அதிகாரியை மரக்குற்றி பிளக்கும் இயந்திரத்தில் இட்டு ஜோனி கொல்லும் காட்சி நீண்டு நீண்டு போகிறது. அதன் நீளத்தில் வேதனை இருக்கிறது என்று வாதிடலாம். ஆனால் கண் போவது இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்ற இடத்துக்கு. இதற்கு மாறாக, ஏரியில் நீந்தும் பெண்ணைக் கரையிலிருந்து, வெகு தொலைவில், ஒரு சத்தமுமின்றி நீர் இழுத்துக்கொள்வதைக் காட்டும் இடம் இருக்கிறதே, அதுதான் எனக்குத் திகில். கொலைப் பட்டியல் போடுவோர் அந்தக் காட்சியைப் பெரும்பாலும் கடைசியில் வைக்கிறார்கள்.

எமது பத்திரிகைகளின் மரண அறிவித்தல்களைப் பாருங்கள். பிறப்பிடம் எது, வதிவிடம் எது, யாருடைய மகன், யாருடைய துணைவர், யாருக்குத் தந்தை, யாருக்கு மைத்துனர், யாருக்குப் பேரன் என்று ஓர் ஊரையே அந்தச் சின்னச் சதுரத்துக்குள் அடைத்துவிடுவார்கள். இளம் உதவி ஆசிரியனாக இருந்தபோது அதைப் பார்த்து அலுத்துக்கொண்டவர்களை நான் அறிவேன். “நால்வர் பலி” என்று ஒரு வரியில் எழுதிப் பழகிய பின்னர்தான் அந்தச் சதுரத்தின் அருமை விளங்கும். எத்தனை பேர் என்பது செய்தி. யார் என்பதை அந்த அறிவித்தல் சொல்கிறது. ரசிகர்கள் போடும் பட்டியலில் இருப்பது எத்தனையும் எப்படியும் மட்டுமே.

இதைச் சொல்வதனால் என்னைத் தணிக்கைக்காரர் அணியில் சேர்த்துவிட வேண்டாம். 1980இல் ‘சிக்காகோ ட்ரிபியூன்’ விமர்சகர் ஜீன் சிஸ்கல், ‘ஃபிரைடே த தேர்ட்டீன்த்’ மீதான வெறுப்பில் கொலையாளி யாரென்பதை வேண்டுமென்றே போட்டுடைத்தார். படத்தை வெளியிட்ட நிறுவனத்தின் தாய்நிறுவனத் தலைவருக்கும் அதில் நடித்த பெட்சி பாமருக்கும் கண்டனக் கடிதம் எழுதுமாறு வாசகரைத் தூண்டினார். நடிகை வாழும் ஊரையும் அச்சிட்டார். அது பத்திரிகைத் தொழில் அல்ல. பிடிக்காத படத்தை எழுத்தால் அடிக்கலாம். நடித்த பெண்ணின் ஊர்ப்பெயரைக் கூட்டத்தின் கையில் கொடுக்கக்கூடாது. ஆனால் கொலைகாரனின் கண்ணை இரவல் வாங்கிப் பெண்களைத் துரத்துவது என்ன வகை இன்பம் என்று அதே ஆண்டு அவரும் றொஜர் ஈபர்ட்டும் தொலைக்காட்சியில் எழுப்பிய கேள்வி கேட்கவேண்டிய கேள்வியே. அந்தக் கேள்விக்கு இப்படவகைக்குள்ளிருந்தே ஒரு விடை சொல்ல முயன்றதற்காக நாஷைப் பாராட்டுகிறேன். அந்த விடை, எல்லோரும் திட்டுகின்ற அந்த முடிவில் இருக்கிறது.

முடிவைச் சொல்லப் போகிறேன். பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஜோனி ஒருவனைக் கோடரியால் கொத்திக்கொண்டே இருக்கிறான். இறந்த பின்னும் கொத்துகிறான். மிஞ்சிய பெண் சங்கிலியை ஒரு பெற்றோல் கலனில் தொங்கவிட்டுக் காட்டினூடே ஓடுகிறாள். அந்தக் கணத்தில் கமரா முதன்முறையாகக் கொலைகாரனை முற்றாகக் கைவிட்டு அவளோடு போகிறது. வீதியில் வந்த வாகனமொன்றில் நடுத்தர வயதைக் கடந்த பெண்மணி அவளை ஏற்றிக்கொள்கிறார். தன் சகோதரனைக் கரடி தாக்கிய கதையைச் சொல்லிக்கொண்டே ஓட்டுகிறார். மிருகம் பசிக்காகத்தான் கொல்லும் என்றில்லை, காரணம் என்று ஒன்றை அது தேடுவதுமில்லை என்ற விதமாகப் போகிறது அந்தப் பேச்சு. காலிலுள்ள காயத்துக்குக் கட்டுப்போட வாகனத்தை நிறுத்துகிறார். இரு பக்கமும் காடு. பெண்ணின் கண் காட்டையே பார்க்கிறது. நாமும் பார்க்கிறோம். ஒன்றும் வருவதில்லை. படம் முடிகிறது.

இதற்கா இத்தனை நேரம் காத்திருந்தோம் என்று திரையரங்கில் முனகியவர்களின் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு விளங்குகிறது. 1976இல் ‘கேரி’ படத்தின் இறுதியில் கல்லறையிலிருந்து ஒரு கை நீண்டது. 1980இல் ஏரியிலிருந்து சிறுவன் ஜேசன் படகின் மீது பாய்ந்தான். அன்றிலிருந்து நாற்பதாண்டுகளாக இப்படவகை தன் ரசிகரை இறுதிப் பாய்ச்சலுக்குப் பழக்கி வைத்திருக்கிறது. பாய்ந்தால் ஒரு கூச்சல், பிறகு ஒரு சிரிப்பு, எழுந்து வீட்டுக்குப் போகலாம். பாய்ச்சல் ஒரு விடுதலை. அதைத்தான் நாஷ் தர மறுத்திருக்கிறார். அவர் அறியாமல் மறுக்கவில்லை. வாகனம் ஓட்டும் பெண்மணியாக அவர் தேர்ந்தவர் லோரன்-மரி டெய்லர். 1981இல் ‘ஃபிரைடே த தேர்ட்டீன்த்’ இரண்டாம் பாகத்தில் ஜேசனின் கத்திக்கு இரையான பெண்ணாக நடித்தவர். அன்று பட்டியலில் ஓர் எண்ணாகிப் போனவர், இன்று முதிர்ந்த முகத்தோடு, தப்பியவளின் காலுக்குக் கட்டுப்போடுகிறார். பழைய பாணி பழைய பாணி என்று கூவுவோர் இதைவிடப் பெரிய மரியாதை ஒன்றைப் பழைய படங்களுக்கு யார் செய்தார்கள் என்று சொல்லட்டும்.

இப்படத்துக்கு இரண்டாம் பாகம் வரும் என்ற அறிவிப்பு 2024இலேயே வந்துவிட்டது. ஜோனி மறுபடி நடப்பான், பட்டியல் நீளும், கேட்டவர்களுக்குக் கேட்டது கிடைக்கவும் கூடும். அதற்கிடையில், முதற் படத்தின் முடிவு தங்களை ஏமாற்றிவிட்டதாகச் சொல்பவர்கள் அந்த இறுதிப் பகுதியை மட்டும் இன்னொருமுறை போட்டுப் பார்க்கட்டும். இம்முறை மரங்களை விட்டுவிட்டு, வாகனத்தில் இருப்பவளின் முகத்தைப் பார்க்கட்டும்.