பருத்த பிள்ளையும் பழியும்

பிள்ளையொன்று தன் வயதிற்கு மிஞ்சிப் பருத்திருப்பின், காண்போர் உடனே இருவர்மீது குற்றஞ் சாட்டுதல் உலக வழக்காயிருக்கின்றது. ஒருவர், நாவை அடக்காத பிள்ளை. மற்றவர், பிள்ளையை அடக்காத தாய். பிறவிக்குருடனொருவனைக் கண்ட சீடர்கள், பாவம் எவருடையதென்று ஆண்டவரை வினவியதும் இத்தகைய மனப்பான்மையினாலன்றோ? அவர் அவனையும் விடுவித்தார். அவன் பெற்றோரையும் விடுவித்தார். நாம் இன்னும் விடுவித்தோமில்லை.

இப்பழி எத்துணைப் பொருந்தாதது என்பதற்கு ஒரு வரலாறு சான்றாகும். 1994-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரத்து ராக்கபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி பிரீட்மன் என்பாரும் அவர்தம் துணைவரும், கொழுப்பினின்று சுரந்து குருதி வழியே மூளையை அடையும் ஒரு சுரப்புநீருக்குரிய மரபணுவைக் கண்டறிந்தனர். லெப்டின் எனப் பெயர் பெற்ற அந்நீர், உடலில் சேமிப்புப் போதிய அளவு உளதென்று மூளைக்கு உரைக்குந் தூது போல்வது. 1997-இல் கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் ஓராகிலி, சதாப் பரூக்கி முதலியோர், மிகப் பருத்த சிறார் இருவரிடத்து இத்தூது பிறவியிலேயே இல்லாமையைக் கண்டனர். எவ்வளவு உண்டும் அவர்கள் பசி அடங்கிற்றில்லை. அவருள் ஒன்பது வயதுச் சிறுமிக்கு ஓராண்டு லெப்டின் ஊசி மூலம் அளிக்கப்பெற, பசி தணிந்தது. எடையும் 16 கிலோவிற்கு மேல் குறைந்ததென்று 1999-இல் வெளியான அறிக்கை கூறுகின்றது. ஊசிக்கு முன்னும் பின்னும் அவள் அதே சிறுமிதான். அவளுக்கு எவரும் மனவுறுதியை ஊட்டினாரில்லை. இல்லாத நீரையே ஊட்டினர்.

இங்ஙனம் ஒரே மரபணுவின் பழுதால் பருப்போர் மிகச் சிலரே. ஏனையோரிடத்துப் பற்பல மரபணு வேறுபாடுகள் சிறுகச் சிறுகக் கூடித் தொழிற்படுகின்றன. அவற்றுள் எப். டி. ஓ. என்பதன் ஒரு வகையைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்று வளர்ந்தோர், அதனை அறவே பெறாதாரினும் சராசரி 3 கிலோ மிகுந்த எடையினர் என்பது 2007-இல் புலனாயிற்று. மறு ஆண்டில் ஸ்காத்லாந்துச் சிறாரை ஆராய்ந்தோர், இவ்வகையுடைய பிள்ளைகள் உடலாற்றலைக் குறைவாகச் செலவிட்டாரல்லர், முன்வைத்த உணவில் ஆற்றல் மிக்கவற்றையே கூடுதலாக உண்டனர் என்று கண்டனர். பசித்து, அளவறிந்து உண்ணுமாறு வள்ளுவனார் 'மருந்து' அதிகாரத்துள் அறிவுறுத்துகின்றார். அவ்வறிவுரை சாலச் சிறந்ததே. ஆயினும் பசியென்பது மெய்யே பேசும் என்னும் நம்பிக்கையின்மேல் அஃது எழுந்தது. பசியே பொய் பேசுமாயின் அப்பிள்ளை யாது செய்யும்?

அற்றேல் எல்லாம் பிறப்பிலேயே முடிந்தது, ஓட்டமும் உணவுக் கட்டுப்பாடும் வீணென்பாருளர். இதனை யான் உடன்படேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 5 முதல் 19 வயதினருள் மிகப் பருத்தோர் 1990-இல் நூற்றுக்கு 2. 2022-இல் நூற்றுக்கு 8. முப்பத்திரண்டு ஆண்டில் மனித குலத்தின் மரபணு மாறிவிடவில்லை. மாறியவை தின்பண்டக் கடையும், விளையாட்டு மைதானமுமே. (உடற்பயிற்சி மணியைக் கணக்காசிரியர் கவர்ந்துகொள்ளுதலை அறியாத மாணவர் நம்மில் யாவர்?) மேலும், எட்டுச் சோதனைகளில் பங்குபெற்ற ஒன்பதினாயிரத்திற்கு மேற்பட்ட வளர்ந்தோரை ஒருங்கே ஆராய்ந்து 2016-இல் வெளியான முடிவு, எப். டி. ஓ. வேறுபாடுடையாரும் முயற்சியால் மற்றையோரை ஒப்பவே இளைத்தனர் என்பது.

எனினும் ஜெர்மனியினின்று 2009-இல் வந்த செய்தியொன்று என் நெஞ்சைவிட்டு அகலவில்லை. லெப்டினின் செய்தி செல்லும் வழியில் எம். சி. 4 ஆர். என்னும் ஏற்பி ஒன்று உளது. அது பழுதுற்ற பிள்ளைகளும் ஓராண்டுப் பயிற்சியில் தோழரோடொப்ப இளைத்தனர். பயிற்சி முடிந்தபின், அவ்விளைப்பைக் காக்கமாட்டாது மீண்டும் பருத்தனர். அவர் முயற்சியில் குறையிருந்ததென எவர் கூறவல்லார்? பிறரினும் வன்மையான பசியோடு ஓராண்டு போராடி வென்றவரன்றோ அவர்! துணை நின்றவர் விலகினர், பசி விலகிற்றில்லை. நம் பள்ளிகளிலோ, இளைத்து மீண்டும் பருத்த பிள்ளையை நோக்கி, பழைய குணம் போகவில்லை என்று நகைப்பர். அப்பிள்ளை மறுநாள் மைதானத்திற்கு வாராது.

ஆதலின் பயிற்சியை எல்லாப் பிள்ளைகட்கும் பொதுவாக வைத்தல் வேண்டும். ஒரு தவணையோடு நிறுத்துதல் கூடாது. மிகச் சிறு பருவத்திலேயே அடங்காப் பசியோடு பருக்கும் பிள்ளையை, ஏசுவதற்கு முன் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். பள்ளியில் எடை பார்க்குங்கால், வகுப்பு முழுதுங் கேட்க எண்ணை உரக்கக் கூவும் வழக்கத்தை நாளையே ஒழித்துவிடலாம். அதற்குப் பணமும் வேண்டா, ஆராய்ச்சியும் வேண்டா.