அருவிக்குப் போகிற வேனில் பாட்டில் எதற்கு?



கொஞ்சம் நீளமான பதிவு. கோபமான பதிவும்கூட. பிரம்பைத் தொடாத டீச்சர் என்று பெயர் வாங்கியவள் நான். இன்றைக்கு அந்தப் பெயர் போனாலும் பரவாயில்லை.

சென்ற மாதம் குடும்பத்தோடு கல்வராயன் மலைக்குப் போயிருந்தோம். வில்லியனூரில் விடியற்காலை வேன் ஏறி, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் தாண்டி மலையேறினோம். நமக்கு மலை என்றால் கோரிமேடுதானே! பெரியார் அருவியைப் பார்த்ததும் பிள்ளைகள் போட்ட கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தண்ணீரில் கால் வைத்த என் தங்கையின் பேத்தி அலறினாள். ஒன்பது வயதுக் குழந்தை. உள்ளங்காலில் கண்ணாடி. துண்டைச் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஐந்து தையல்.

உடைந்த பாட்டிலின் மீதி பாறை இடுக்கில் கிடந்தது. என் தம்பி எடுத்துக் காட்டினான். லேபிள் அப்படியே இருந்தது. புதுச்சேரியில் மட்டும் விற்பனைக்கு என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது.

பக்கத்தில் பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்த மலைவாசி அம்மா, "பாண்டியிலேர்ந்தா வர்றீங்க?" என்றார். திட்டவில்லை. கேட்டார், அவ்வளவுதான். 34 வருடம் வகுப்பில் கேள்வி கேட்டவளுக்கு அன்று பதில் வரவில்லை.

இதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். வந்த பதில்களைப் பார்த்துத்தான் இந்தப் பதிவு.

ஒருவர் கேட்கிறார், "தமிழ்நாட்டுக்காரங்க குடிக்கலையா?" குடிக்கிறார்கள். அவன் மட்டும் காப்பி அடிக்கவில்லையா டீச்சர் என்று நான்காம் வகுப்பில் நீங்கள் சொன்னபோது நான் என்ன செய்தேன் என்று நினைத்துப் பாருங்கள். நீலகிரியில் 2022 முதல் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். காட்டில் கண்ணாடி சேரக் கூடாது என்று உயர்நீதிமன்றம் தலையிட்டு வந்த ஏற்பாடு. நீங்கள் இங்கே மலிவு விலையில் வாங்கி, எல்லையில் ஒளித்துக் கொண்டுபோகிற பாட்டிலை அங்கே எந்தக் கடையில் திரும்ப வாங்குவார்கள்? அப்படிக் கொண்டுபோவதே குற்றம் என்பது வேறு விஷயம்.

இன்னொருவர், குப்பைத்தொட்டி இல்லை என்கிறார். நிரம்பிய பாட்டிலை அவ்வளவு தூரம் சுமந்த கைக்குக் காலிப் பாட்டில் கனக்கிறதா? அந்த மலை ஓடைகள்தான் கோமுகி அணைக்கு வருகின்றன. கீழே வயல். சேற்றில் கண்ணாடி கிடந்தால் என்ன ஆகும் என்று பாகூரில் நடவு நடுகிற அக்காக்களைக் கேளுங்கள், காலைக் காட்டுவார்கள்.

மூன்றாவது பதில்தான் என்னைத் தூங்கவிடவில்லை. "வாரம் ஆறு நாள் கம்பெனியில உழைக்கிறோம் டீச்சர், ஒரு நாள் ஜாலியா இருக்கக் கூடாதா?" சேதராப்பட்டிலும் மேட்டுப்பாளையத்திலும் ஷிப்ட் பார்க்கிற பிள்ளை. உழைப்பு பொய்யில்லை, ஓய்வும் வேண்டும்தான். ஆனால் தம்பி, யாருடைய ஓய்வு? உன் மனைவியும் ஆறு நாள் உழைக்கிறாள், ஏழாம் நாளும் புளிசாதம் கட்டிக்கொண்டு வருகிறாள். அருவியில் குடித்த ஆண்கள் கூட்டமாக நின்றால் அவள் எங்கே குளிப்பாள்? அன்று எத்தனை பெண்கள் நனையாமலே வேனுக்குத் திரும்பினார்கள் என்று நான் பார்த்தேன்.

உயிர் விஷயமும் இருக்கிறது. 2024 மே 17, பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம். மேலே மலையில் பெய்த மழை கீழே குளிக்கிறவர்களுக்குத் தெரியாது. 17 வயதுப் பையன் அடித்துக்கொண்டு போய்விட்டான். நிதானத்தில் இருப்பவனுக்கே தப்பிக்கச் சில நொடிதான். பாசிப் பாறையில் போதையில் நிற்பவனை யார் இழுப்பது? 2018-இல் குரங்கணித் தீயில் அத்தனை பேர் இறந்த பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. இப்போது தமிழ்நாடு அரசு நாற்பது பாதைகளுக்கு முன்பதிவும் வழிகாட்டியும் வைத்திருக்கிறது. "நடக்கறதுக்குக் காசா?" என்று முணுமுணுக்கிறவர்களே, உங்கள் பாட்டில் செலவைக் கணக்குப் போடுங்கள், கூட்டல் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

நானும் யோக்கியம் இல்லை. ஒகேனக்கலுக்குப் பள்ளிச் சுற்றுலா அழைத்துப் போனபோது, எழுபது பிள்ளைகளின் சாப்பாட்டுப் பொட்டலங்களைக் கரையிலேயே விட்டுவிட்டு விசில் ஊதி பஸ் ஏற்றியவள். குப்பையைப் பற்றிப் பாடம் நடத்தினேன், பொறுக்கக் கற்றுத்தரவில்லை. அந்தப் பிள்ளைகளில் சிலர் இதைப் படிக்கிறீர்கள்.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். பொங்கலுக்குக் குடும்ப வேன் போகும்போது பாட்டில் ஏறினால் நான் இறங்கிவிடுவேன். மாப்பிள்ளை வீட்டார் என்றாலும் சரி.

அதுவரைக்கும் ஊசுட்டேரி பக்கத்திலேயே இருக்கிறது. 2008-இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. அதன் கரையோரமும் இதே பாட்டில்கள்தான். வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் போகிறேன். குழந்தைகள் பறவை பார்க்கட்டும், பாட்டிலைத் தொட வேண்டாம், அது பெரியவர்கள் வேலை. தடித்த செருப்புப் போட்டு வாருங்கள். சாக்கு நான் கொண்டு வருகிறேன்.