வண்டிக்கா, அம்மாவுக்கா?

சாங்கி வில்லேஜ் உணவங்காடி நிலையத்தில் ஒரு சனிக்கிழமை இரவு. நாசி லெமாக் தட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு அக்காவும் அத்தானும் நானும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் நியூசிலாந்து போவது முடிவாகிவிட்டது. சாங்கியிலிருந்து கிறைஸ்ட்சர்ச்சுக்கு நேரடி விமானம், ஏறக்குறைய பத்து மணி நேரம். அங்கே இறங்கியதும் ஆறு பேர் படுத்துறங்கும் கேம்பர்வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, தெக்காப்போ ஏரி, மவுண்ட் குக், குவீன்ஸ்டவுன் என்று பத்து நாள் சுற்றுவது. அக்கா, அத்தான், அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், அம்மா, நான். சரியாக ஆறு பேர்.

விமானச் சீட்டில் சண்டை வரவில்லை. வண்டி வாடகையிலும் வரவில்லை. காப்புறுதியில்தான் வந்தது.

வாடகை ஒப்பந்தப்படி, வண்டிக்கு ஏதாவது ஆனால் முதல் 7,500 நியூசிலாந்து டாலர் வரை நம் பொறுப்பு. நம் காசுக்கு ஆறாயிரம் வெள்ளிக்கு நெருக்கம். அந்தத் தொகையைக் கடன் அட்டையில் முன்கூட்டியே பிடித்தும் வைத்துவிடுவார்கள். நாளுக்கு 55 டாலர் கூடுதலாகக் கட்டினால் இந்தப் பொறுப்பு பூஜ்யமாகிவிடும். பத்து நாளைக்கு 550 டாலர், நம் காசுக்குச் சுமார் 430 வெள்ளி.

"எடுத்துடலாம்" என்றார் அத்தான். "நான் இங்க ஓட்டுறது சின்ன கார். அது ஏழு மீட்டர் நீளம், மூணு மீட்டருக்கு மேல உயரம். நிம்மதிக்குக் கொடுக்குற காசுன்னு வெச்சுக்குவோம்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நியூசிலாந்திலும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்றாலும், கிராமப்புறங்களில் ஒருவழிப் பாலங்கள் உண்டு. கேன்டர்பரி சமவெளியில் வீசும் வடமேற்குக் காற்று பலமானது. கதவை அசட்டையாகத் திறந்தால் பிய்த்துக்கொண்டு போய்விடும். இன்னொன்றும் உண்டு. அந்த நாட்டில் வாகனக் காப்புறுதி கட்டாயமில்லை. நம்மை இடிப்பவரிடம் காப்புறுதியே இல்லாமல் இருக்கலாம்.

விளம்பரத்தின் கடைசியில் 'நிபந்தனைகளுக்கும் விதிமுறைகளுக்கும் உட்பட்டது' என்பதை மூச்சுவிடாமல் படிப்பது வானொலியில் என் வேலையில் ஒரு பகுதி. அந்தப் பாவமோ என்னவோ, காப்புறுதி ஒப்பந்தம் எது கைக்கு வந்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பேன். 'எதற்கெல்லாம் கிடையாது' என்ற பட்டியல் அங்கேதான் இருக்கும்.

அதைப் படித்தபோது 'பூஜ்யம்' அவ்வளவு பூஜ்யமாக இல்லை. கூரை இடித்தால் கிடையாது. வண்டியின் அடிப்பாகம் தட்டினால் கிடையாது. தவறான எரிபொருளை ஊற்றினால் கிடையாது. குவீன்ஸ்டவுன் அருகே உள்ள ஸ்கிப்பர்ஸ் சாலை போன்ற தடைசெய்யப்பட்ட பாதைகளில் ஓட்டினால் எதுவுமே கிடையாது. முதன்முறையாக உயரமான வண்டி ஓட்டுபவர் கூரையைத்தானே முதலில் இடிப்பார்?

அடுத்து எங்கள் பயணக் காப்புறுதியைப் பார்த்தோம். அதில் வாடகைக் காருக்கான பொறுப்புத் தொகைக்கு 1,000 வெள்ளி வரை உண்டு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கீழே, கேம்பர்வேனுக்குப் பொருந்தாது என்று பொடி எழுத்தில் இருந்தது. எல்லா ஒப்பந்தமும் ஒரே மாதிரி இருக்காது. 'கார்' என்ற சொல்லுக்கு உங்கள் ஒப்பந்தம் என்ன பொருள் சொல்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

அதுவரை பேசாமல் இருந்த அக்கா கேட்டாள்: "அம்மாவுக்கு எது எடுக்கப் போறோம்?"

"நமக்கு எடுக்குறதேதான். அத்தைக்கு என்ன, நல்லாத்தானே இருக்காங்க" என்றார் அத்தான்.

அம்மாவுக்கு 68 வயது. பல வருடமாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும். நல்லாத்தான் இருக்கிறார், உண்மை. ஆனால் சாதாரணப் பயணக் காப்புறுதியின் கடைசிப் பக்கத்தில் முதல் வரியே அம்மாவைப் பற்றியதுதான்: ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் கிடையாது. அதாவது அம்மாவுக்கு எது வரக்கூடும் என்று நாங்கள் பயப்படுகிறோமோ, அதற்கு மட்டும் கிடையாது. ஏற்கெனவே உள்ள நோய்களையும் சேர்த்துக்கொள்ளும் திட்டங்கள் சிங்கப்பூரில் சில உண்டு. விசாரித்ததில், அம்மா ஒருவருக்கு மட்டும் 210 வெள்ளி கூடுதலாக வந்தது.

இங்கே மெடிஷீல்டு லைஃப் இருக்கிறதே என்று தோன்றலாம். அது வெளிநாட்டுச் சிகிச்சைக்கு உதவாது. நியூசிலாந்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. 1974 முதல் நடப்பில் இருக்கும் ஏசிசி என்ற விபத்து இழப்பீட்டுத் திட்டம், யார் மேல் தவறு என்று பார்க்காமல், விபத்தில் காயமடைந்த சுற்றுப்பயணிகளின் சிகிச்சைக்கும் அந்த நாட்டில் உதவுகிறது. ஆனால் அது விபத்துக்கு மட்டுமே. நோய்க்குக் கிடையாது. அம்மா வழுக்கி விழுந்தால் உதவி உண்டு. நெஞ்சுவலி என்று உட்கார்ந்தால் கட்டணம் முழுக்க நம் தலையில். மருத்துவத் துணையோடு விமானத்தில் சிங்கப்பூருக்குக் கொண்டுவர வேண்டியிருந்தால் செலவு பல பத்தாயிரம் வெள்ளியைத் தொடும்.

மறுநாள் அம்மாவிடம் சொன்னோம். கேட்டதும் அம்மா, "எனக்காக இருநூறு வெள்ளி தண்டமாக் கட்டணுமா? நான் வரலைப்பா. நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி: கடந்த பன்னிரண்டு மாதங்களில் மருந்து மாற்றப்பட்டதா, புதிதாகப் பரிசோதனை எதுவும் செய்யச் சொன்னார்களா? நான் 'இல்லை' என்று குறிக்கப் போனேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அக்காதான் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

ஆகஸ்ட் மாதம் பலதுறை மருந்தகத்தில் ரத்த அழுத்த மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று அம்மாவே போய்ச் சொல்லி, இதயத்தைப் பரிசோதிக்க மருத்துவமனைக்குக் கடிதமும் வாங்கியிருக்கிறார். கடிதம் பூஜை அலமாரியில், பஞ்சாங்கத்துக்கு அடியில் இருந்தது.

"சொன்னா பயணத்தை நிறுத்திடுவீங்க. பிள்ளைங்க ஆசையா இருக்கு" என்றார் அம்மா.

நான் 'இல்லை' என்று குறித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சந்தாவை வாங்கிக்கொண்டு காப்புறுதி கொடுத்திருப்பார்கள். அங்கே ஏதாவது நேர்ந்து பணம் கேட்கும்போதுதான் மருத்துவக் குறிப்புகளைப் பார்ப்பார்கள். உண்மையை மறைத்ததாகச் சொல்லிக் கோரிக்கையை நிராகரிக்கலாம். காப்புறுதி நிறுவனத்தோடு தீராத சச்சரவுகளை எடுத்துக்கொள்ள ஃபிட்ரெக் என்ற தீர்வு நிலையம் இங்கே 2005 முதல் இருக்கிறது. ஆனால் படிவத்தில் நாமே தவறாக எழுதிவிட்டு அங்கே போய் என்ன பேச முடியும்?

பயணத்துக்கு முன்பே அம்மாவுக்குப் பரிசோதனை முடிந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, போகலாம் என்றார் மருத்துவர். எல்லாவற்றையும் அப்படியே எழுதி, கூடுதல் சந்தா கட்டி, அம்மாவுக்கு அந்தத் திட்டத்தையே எடுத்தோம்.

வண்டிக்கான 430 வெள்ளியைக் கட்டவில்லை. காரணம் இதுதான். வண்டிக்கு வரக்கூடிய அதிகபட்ச நஷ்டம் எவ்வளவு என்று முன்பே தெரியும். முழுதாகப் போனாலும் அத்தானும் நானும் ஆளுக்கு மூவாயிரம் வெள்ளி கொடுக்க வேண்டும். வலிக்கும், ஆனால் தாங்கும். ஏறக்குறைய பதினான்கு பயணங்களுக்கு ஒருமுறை முழுத்தொகையும் போனால்தான் அந்த 430 வெள்ளிக்குக் கணக்கு நேராகும். அம்மாவின் கணக்கு அப்படியில்லை. அதற்கு மேல்வரம்பு கிடையாது. தாங்கக்கூடிய நஷ்டத்துக்குக் காப்புறுதி வாங்குவது விருப்பம். தாங்க முடியாததற்கு வாங்குவது தேவை. ஆறாயிரம் வெள்ளியே உங்களைப் புரட்டிப் போட்டுவிடும் என்றால், தயங்காமல் வண்டிக்கும் எடுங்கள்.

இன்னொன்று. காப்புறுதியை சாங்கியில் விமானம் ஏறும் நாளில் வாங்காதீர்கள். பயணச் சீட்டு வாங்கியவுடனே வாங்குங்கள். புறப்படுமுன் யாருக்காவது உடம்பு முடியாமல் பயணம் ரத்தானால் பயன்படும். 2016 நவம்பரில் நிலநடுக்கத்தால் நியூசிலாந்தின் கைக்கோரா நகரத்துக்குச் சாலைத் தொடர்பே அறுந்து, சுற்றுப்பயணிகளை ஹெலிகாப்டரிலும் கடற்படைக் கப்பலிலும் வெளியேற்றினார்கள். அப்படி ஒன்று செய்தியில் வந்த பிறகு வாங்கும் காப்புறுதி, அந்தச் சம்பவத்துக்கு உதவாது.

பயணத்தில் என்ன நடந்தது? முன்னால் போன லாரி தெறிக்கவிட்ட கல் பட்டு, கண்ணாடியில் கடுகளவு சில்லு. சரிசெய்ய 90 டாலர் கைக்காசு போனது. அத்தான் கூரையை இடிக்கவில்லை. அம்மாவுக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை. தெக்காப்போ ஏரிக்கரையில் பேரப்பிள்ளைகளுக்கு ரசம் வைத்துக் கொடுத்தார்.

சாங்கியில் இறங்கிப் பெட்டிக்காகக் காத்திருந்தபோது, "பாத்தியா, இருநூறு வெள்ளி வீணாப் போச்சு" என்றார் அம்மா.

வீணாகப் போனதில் எனக்குச் சந்தோஷம்தான். அதோடு, இப்போதெல்லாம் பலதுறை மருந்தகத்துக்குப் போய்வந்த அன்றே அம்மா அக்காவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுகிறார். பஞ்சாங்கத்துக்கு அடியில் அவ்வப்போது நானும் பார்த்துக்கொள்கிறேன்.